வெள்ளிக்கிழமை அவள் அழட்டும்

மகளே, வருகிற வெள்ளிக்கிழமை நீ போன் எடுக்கும்போது உன் மகள் தனு அழுவாள். அழட்டும். "அழாதே கண்ணு, அம்மா சீக்கிரம் வந்துருவேன்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடாதே. உனக்கும் அழுகை வந்தால் நீயும் அழு. போனை மட்டும் வைத்துவிடாதே. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் இதைச் சொன்னால் ஏன், என்ன நடந்தது என்று கேட்பாய். அதற்குப் பதில் சொல்வதானால் இத்தனை மாதமாக உன்னிடம் மறைத்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்வாய். அந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் குறை சொல்ல மாட்டேன். எழுதி, படம் பிடித்து, கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் அனுப்புகிறேன், இந்த மழையில் வீட்டில் சிக்னல் இல்லை. வெள்ளிக்கிழமை நீ வேலை செய்கிற வீட்டு மேடம் போனைக் கையில் தந்ததும் முதலில் இதை வாசி, பிறகு கோல் எடு. லொறி ஸ்டியரிங் பிடித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். முந்தாநாள் பிடித்த மழை இன்னும் விடவில்லை. நாங்கள் வீட்டை விட்டுப் புறப்பட இருக்கிறோம். பைகள் வாசலில் இருக்கின்றன. இப்போது ராகுகாலம், அது கழியட்டும் என்று கீழ்வீட்டுப் பாக்கியம் அத்தை சொல்லிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி, தனியாக இறங்க முடியாது, அவளை விட்டுவிட்டு நாங்களும் போக முடியாது. அந்த நேரத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ குவைத்துக்குப் போன நாளிலிருந்து நம் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நாடகம் நடக்கிறது. உனக்குப் போன் கிடைப்பது அன்றைக்கு மட்டும்தான். அந்த நேரத்தில் பிள்ளை அழுதால் வாரம் முழுக்க உனக்கு வேலை ஓடாது என்று பாக்கியம் சொன்னாள், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. காலையிலேயே வந்து தலைவாரி, பவுடர் பூசி, பொட்டு வைத்து, பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். "அம்மா கேட்டா என்னா சொல்லணும்? சாப்புட்டேன். ஸ்கூலுக்குப் போறேன். தாத்தா நல்லா பாத்துக்கிறாங்க. நீ அழுதீன்னா அங்க அம்மாவ ஏசுவாங்க. வெளங்குதா?" தனு தலையாட்டுவாள். நீ அழைத்ததும் ஒப்பிப்பாள். நீயும் அந்தப் பக்கம் சிரித்த முகத்தோடு, எல்லாம் நல்லது என்பாய். உன் பக்கத்து வீடுகளில் வேலை செய்கிற பெண்களுடைய பிள்ளைகளும் தங்கள் வீட்டில் இப்படித்தான் ஒப்பிக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டு. இன்னொன்று கவனித்தாயா? நாங்கள் எப்போதும் முன்னறைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் பேசுகிறோம். பின்னறைச் சுவரை நீ பார்த்து எவ்வளவு காலமாகிறது என்று யோசித்துப் பார்.

முதலில் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் மிக நல்ல பிள்ளையாகிவிட்டாள். அடம் பிடிப்பதில்லை. சோற்றில் எதைப் போட்டாலும் சாப்பிட்டாள். ஸ்கூலில் டீச்சர், "சத்தமே இல்லாத புள்ள" என்று மெச்சினார். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். சட்டைக் கழுத்தை ஈரமாகும்வரை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன், பல் விழுந்து முளைக்கிற காலம் என்று விட்டுவிட்டேன். பிறகு வீட்டுக்குப் பின்னால், வீடு கட்ட மண் வெட்டின மேட்டுக்கடியில் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். களிமண்ணில் ஒரு வீடு செய்வாள், உள்ளே ஈர்க்குச்சி ஆட்களை நிறுத்துவாள், மேட்டிலிருந்து போத்தலால் தண்ணீர் ஊற்றி மண்ணைச் சரித்து வீட்டை மூடுவாள். அப்புறம் ஒரே ஒரு குச்சியை மட்டும் தோண்டியெடுத்துக் கழுவி, "நீ எங்க போயிருந்த?" என்று கேட்பாள். பாக்கியம் இதை விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்துவிட்டாள். "என்னடி இது, வீட்ட மூடுற வெளாட்டு? வாயிலயும் கையிலயும் நல்லதே வராதா?" என்று மண் வீட்டைக் காலால் கலைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அண்ணே, புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு. கோயில்ல மந்திரிச்சு நூலு கட்டுங்க." கட்டினோம். பூசாரி வேப்பிலையடித்து, கறுப்பு நூலை மணிக்கட்டில் முடிந்துவிட்டார். அன்றோடு அந்த விளையாட்டு நின்றது. நூல் வேலை செய்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் திருப்திப்பட்டுக்கொண்டோம். அவள் விளையாடுவதைத்தான் விட்டாள், பயப்படுவதை விடவில்லை. ஊமை கண்ட கனாவாக அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு பின்னேரம் நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னறைக் கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தனு, வெறும் சவுக்காரப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறாள். "அலோ அம்மா. இன்னைக்கு வெள்ளிக்கெழம இல்ல. அதனால உண்மயா பேசுறேன்." அப்படியே நின்றுவிட்டேன். "அலுமாரிக்குப் பின்னாடி செவுரு வாயத் தொறந்துக்கிட்டே இருக்கு. கதவுக்குப் பல்லு வலிக்குது போல, கிட்ட வரமாட்டேங்குது. மலை வூட்டுக்குள்ள வரப் பாக்குதும்மா. தாத்தாவுக்குத் தெரியும், சொல்லமாட்டாங்க. நான் அழுவல. சரி, வச்சிர்றேன்." பெட்டியை மடியில் வைத்துவிட்டு மறுபடி சட்டைக் கழுத்தை வாயில் எடுத்துக்கொண்டாள். என் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றேன்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை, மகளே. பின்னறைச் சுவரில் வெடிப்பு இருக்கிறது, கதவும் நிலையில் சரியாகப் பொருந்துவதில்லை. போன மழைக்காலத்தில் தலைமயிர் அளவில் வந்தது, சிமெந்து பூசினேன். பூசின இடம் மறுபடி விட்டது, மறுபடி பூசி, மேலே வண்ணமும் அடித்தேன். இப்போது என் விரல் உள்ளே போகும். அதை மறைக்கத்தான் அலுமாரியை இழுத்து வைத்தேன். மாப்பிள்ளை கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்தபோதும் அதை நகர்த்தவில்லை. கிராம சேவகரை மட்டும் கூட்டிவந்து காட்டினேன். அவர் மேலே மேட்டைப் பார்த்தார், தரையைத் தட்டிப் பார்த்தார். "மழ கூடினா கீழ ஸ்கூலுக்குப் போயிருங்க. இருந்து பாக்க வேணாம்" என்றார். உனக்கு ஏன் சொல்லவில்லை? இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் நீ அந்நிய வீட்டில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்து வைத்தது. தோட்டத்து லயத்து அறையில் இருந்த எங்களை உக்குவளை டவுனைப் பார்த்த சொந்த வீட்டில் குடிவைத்தேன் என்று நீ அங்கே சந்தோஷப்படுகிறாய். அந்தச் சந்தோஷத்தில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை கேட்டபோது, "சுண்ணாம்பு உரிஞ்சிருக்கு, ஒண்ணுமில்ல" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் அந்தச் சோற்றைச் சாப்பிடுகிற பிள்ளையிடமே. பயம் அவளுக்கு வெடிப்பைப் பார்த்து வந்ததைவிட, அந்த வெடிப்பைப் பார்க்காத மாதிரி நடித்த என் முகத்தைப் பார்த்துத்தான் கூட வந்திருக்கும்.

சவுக்காரப் பெட்டியில் அவள் பேசினதைக் கேட்டதும் என் வாய்க்கு முதலில் வந்தது சிரிப்புத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பாக்கியத்திடம் போய், "கதவுக்குப் பல்லு வலியாம், கேட்டியா" என்று சொல்லத் தோன்றியது. கால் எடுத்து வைத்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது. உன் அம்மா தவறிப் போன பிறகு, ஸ்கூல் லீவில் உன்னை வீட்டில் விட ஆளில்லாமல் லொறியிலேயே தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போவேன். நீ இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசிக்கொண்டு வருவாய். கண்ணாடிக்குள் அம்மா இருக்கிற மாதிரி, காலையில் என்ன சாப்பிட்டாய், அப்பா யாரை ஏசினார், எல்லாம் அதனிடம்தான். அதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை வைத்துக்கொள்ளத் தெரியாத வாய் எனக்கு. லீக்ஸ் மூட்டை இறக்கும்போது அங்கே மூட்டை தூக்குகிற ஆட்களிடம் சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, உனக்கு வடை வாங்கித் தந்தவர்கள்தான். "பாப்பா, கண்ணாடியில அம்மா இன்னைக்கு என்னா சீல கட்டியிருக்காங்க?" என்று கேட்டார்கள். திரும்பி வரும்போது கண்ணாடியை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டாய். பின்னால் வருகிற வண்டி தெரியாமல் நான் ஏசினேன். அதற்குப் பிறகு எதையும் நீ முன்கூட்டி என்னிடம் சொன்னதில்லை. குவைத்துக்குப் போவதைக்கூட பாஸ்போர்ட் வந்த பிறகுதானே சொன்னாய். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது உனக்குத்தான். மேடத்தின் சின்ன மகன் தரையில் விழுந்து புரண்டு கத்துவான் என்று ஒருமுறை சொன்னாயே, ஞாபகமிருக்கிறதா? "அழாதன்னு சொல்லமாட்டேன்பா. காலுறைய கையில மாட்டிக்கிட்டு அது பேசுற மாதிரி கேப்பேன், ஒனக்கு யாரு மேல கோவம், எங்க வலிக்குதுன்னு. அவன் என்ன சொன்னாலும் சிரிக்கமாட்டேன். பாஷ பாதி வெளங்காது, ஆனா அவன் சொல்லி முடிச்சதும் மடியில படுத்துருவான்." அதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். உன் மகள் பக்கத்தில் பவுடர் பூசின முகத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உன் கை வைத்தியம் அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது, இந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அதனால் நானே செய்து பார்ப்போம் என்று துணிந்தேன். அடுத்த நாள் அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்ததும், நான் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் காதில் வைத்துக்கொண்டு, "டிரிங், டிரிங்" என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கம் பெட்டி கதவில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "யாரு?" என்றாள்.

"நீ யாரத் தேடுறியோ அவங்கதான்."

"மலை இருக்கா?"

"இருக்கேன். சொல்லு."

"நீ ஏன் எங்க வூட்டப் பாத்து வர்ற?"

"எனக்கு ஒடம்பு பூரா தண்ணி கோத்துக்கிச்சு. நிக்க முடியல."

"அதுக்கு நாங்களா கெடச்சோம்?" என்றாள். அதற்கப்புறம் அவளுக்குத் தெரிந்த ஏச்செல்லாம் வந்தது. நாயே என்றாள், பேயே என்றாள், எங்கம்மா வந்தா உன்னை உரித்துவிடுவாள் என்றாள். பாதி ஏச்சு நான் லொறியில் ஏசுவது, அப்படியே பிடித்துவைத்திருக்கிறாள். சிரிக்கவில்லை. நியாயமும் சொல்லவில்லை. "ம், அப்புறம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏசி முடித்து அழுதாள். நீ போன பிறகு அவள் சத்தம் போட்டு அழுததை அன்றுதான் கேட்டேன். "அழு. நான் வச்சிற மாட்டேன்" என்றது மலை. எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு, "பட்டன் போடுற எடத்துல, தொண்டைக்குக் கீழ, ஒரு கல்லு" என்றாள். கல் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். முதலில் அம்மிக்கல் என்றாள், அழுது முடித்தபின் புளியங்கொட்டை என்றாள். சட்டைக் கழுத்து அன்றைக்கு ஈரமாகவில்லை.

அப்படி எத்தனையோ பேருக்குப் போன் போட்டாள். மழைக்குப் போட்டாள், கையில் கட்டின நூலுக்குப் போட்டாள். ஒரு நாள் உன் மேடத்துக்கும் போட்டாள், அதற்கு நான்தான் மேடம். "ஒங்க புள்ள அழுதா எங்கம்மா தூக்குறாங்க. நான் அழுதா தூக்க யாரு அனுப்புவீங்க?" என்று கேட்டாள். மேடத்துக்குத் தெரியவில்லை என்றே சொன்னேன், அவள் அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் ஒரு தடவை சறுக்கினேன். மலையிடம், "நீ வரமாட்டேன்னு சொல்லு" என்று கேட்டாள். பிள்ளை மனசு ஆறட்டும் என்று உடனே, "வரமாட்டேன்" என்றேன். பிறகு பெட்டியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "தாத்தா, நீங்க பேசாதீங்க. மலைய பேச வுடுங்க."

கூட்டை மறுபடி காதில் வைத்து, "தெரியல. வந்தாலும் வருவேன்" என்றேன். அவள் பயந்து கத்துவாள் என்றுதான் நினைத்தேன். பெருமூச்சு விட்டாள். மூட்டையை இறக்கிவைத்தவர் விடுகிற மூச்சு அது. "வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுவியா?" என்று கேட்டாள். "சொல்லுவேன்" என்றேன். "எப்பிடி?" என்றாள். கிராம சேவகர் எனக்குச் சொன்னதையெல்லாம் மலை அவளுக்குச் சொன்னது. கதவுகள் இறுகும், வெடிப்பு அகலும், ஊற்றுத் தண்ணி பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும், மேட்டிலிருக்கிற கராம்பு மரம் சாயும், மண்ணுக்குள் கல் உருள்கிற சத்தம் வரும். அதற்குப் பிறகு விளையாட்டே அதுதான். நான் மலை மாதிரி உறுமுவேன், அவள் பையை மாட்டிக்கொண்டு, செருப்பு தேடாமல், குறுக்குப் பாதையில் ஸ்கூல் படிக்கட்டு வரை ஓடுவாள். பாக்கியம் தலையிலடித்துக்கொண்டாள். "வெளாட்டு வினையாகும் அண்ணே. இத நெனச்சுக்கிட்டே இருந்தா தேடி வரும்." சொல்லாமல் இருந்தால் மட்டும் வராதா என்று கேட்டேன், அவள் முனகிக்கொண்டே போய்விட்டாள். ஆனால் போன வாரம், தன் பிறப்புச் சான்றிதழையும் நகையையும் ஒரு பையில் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன்.

இதையெல்லாம் வைத்து எனக்குப் பிள்ளை வளர்ப்பு தெரிந்துவிட்டது என்று நினைக்காதே. உன்னை வளர்த்த லட்சணம் உனக்கே தெரியும். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். பிள்ளை கையில் ஒரு பெட்டி இருந்தால், அந்தப் பெட்டியின் மறுபக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். இருக்கிறவர் சிரிக்கக்கூடாது, ஊருக்குச் சொல்லக்கூடாது, பொய்யாகத் தைரியம் சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமை நீ அந்த மறுபக்கத்தில் இரு. அவள் உன் மேல் கோபப்படுவாள், ஏசவும் ஏசுவாள். "ம், அப்புறம்" என்று கேள். கல் எவ்வளவு பெரிது என்று கேள். எப்போது வருவாய் என்று கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல். அதை அவளால் தாங்க முடியும், மகளே, நான் பார்த்தேன்.

இன்று விடியும்போது ஊற்றுத் தண்ணி நிறம் மாறியிருந்தது. தனுதான் முதலில் பார்த்தாள், கோப்பையில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். கராம்பு மரம் நேற்று நின்ற மாதிரி இல்லை. பின்னறைக் கதவைத் தோளால் தள்ளித்தான் திறந்தேன். அப்போதே இறங்கியிருக்க வேண்டும். பாக்கியத்தைக் கூப்பிடப் போனேன், "கெட்ட நேரத்துல வூட்ட வுட்டு எறங்குனா திரும்பி வர முடியாது அண்ணே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் பயந்துவிட்டேன். வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தவன், ராகுகாலத்துக்குப் பயந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாக்கியம் இப்போது எங்கள் முன்னறையில்தான் இருக்கிறாள், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு.

தனு வாசற்படியில் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சவுக்காரப் பெட்டி காதில் இருக்கிறது. கொஞ்ச நேரமாக அவள் பேசவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாள். இப்போது கையை உயர்த்திக் காட்டுகிறாள்.

"தாத்தா, எழுதுறத நிறுத்துங்க. மலை பேசுது."

பாக்கியம், "இன்னும் கொஞ்ச நேரந்தான் அண்ணே" என்கிறாள். நான் நாற்காலிக்குக் கீழே சிமெந்துத் தரையில் உள்ளங்காலை வைத்துப் பார்த்தேன். உள்ளே கல் உருள்கிற மாதிரி தரை அதிர்கிறது, பிள்ளை சொன்னது சரி. ராகுகாலம் இன்னும் கழியவில்லை, நாங்கள் இறங்குகிறோம். பாக்கியத்தை முதுகில் தூக்கியாவது கொண்டுபோவேன். அனுப்ப முடிந்தால் கீழேயிருந்து அனுப்புவேன். வெள்ளிக்கிழமை எங்கள் பின்னால் எந்தச் சுவர் இருக்கும் என்று தெரியாது. நீ கோல் எடு. மணி அடித்துக்கொண்டே இருந்தாலும் வைத்துவிடாமல் எடுத்துக்கொண்டே இரு. அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டால், அழாதே என்று மட்டும் சொல்லிவிடாதே, மகளே. அந்தச் சத்தம் கேட்டதே போதும் என்று நினைத்துக்கொள்.